தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?

திருவெறும்பூர் கொதிகலன் ஆலையில் உழைக்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதை உரிமையாக்கிவிட்டது. அவருக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறவளுக்கு எந்தச் சட்டம் ஓய்வு தந்தது? "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்கிறோம். 2019-இல் மத்திய அரசு எடுத்த கணக்கோ, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாள்தோறும் 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்கள் 97 நிமிஷம்.

"இரண்டு நாள் எங்கேயாவது போய்வரட்டுமே" என்று சொல்வது சுலபம். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போகிறவளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டினால்தான் அவள் காவிரியைப் பார்க்க முடியும். திரும்பி வந்தால் எச்சில் பாத்திரங்கள் காத்திருக்கும். இதற்குப் பெயர் ஓய்வா?

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை நமக்குத் தெரியும். காவிரி வெள்ளத்தில் தாய் அக்கரையிலேயே தங்கிவிட, பிரசவ வேதனையில் துடித்த இரத்தினாவதியிடம் இறைவன் தாய்மையின் மகிமையைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. தாயாகவே வந்து பணிவிடை செய்தார்.

அவளைப் போகச் சொல்வது தயை. அவள் இல்லாத இரண்டு நாளும் அடுப்பையும் குழந்தையையும் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். தயையை நாம் தாராளமாகவே தருகிறோம். அவளுக்கு வேண்டியது மற்றது.