விசுவாசித்தால் வெற்றி நிச்சயமா?



மோட்டார் வண்டியின் பின்புறத்திலும், நாட்காட்டித் தாளிலும், காலைதோறும் கைப்பேசியில் வந்து விழும் செய்திகளிலும் சில வாக்கியங்களை நாம் ஓயாமல் வாசிக்கிறோம். "விசுவாசமுள்ளவனுக்குத் தோல்வியில்லை." "சர்வேசுரனுக்கு ஒன்று கொடுத்தால் நூறாய்த் திரும்பும்." "தாங்க முடியாத சிலுவையை அவர் தரமாட்டார்." "தன் முயற்சி உள்ளவனுக்கே கடவுள் உதவி." கேட்பதற்கு இவை இனிமையாயிருக்கின்றன. பரீட்சையில் தேறின பிள்ளையின் வீட்டிலே சொன்னால் எல்லோரும் தலையசைப்பார்கள். ஆனால் தேறாத பிள்ளையின் வீட்டிலே? குழந்தையைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பிய தாயினிடத்திலே? ஒரு வாக்கு மெய்யானால் இரண்டு வீட்டிலும் அது மெய்யாயிருக்க வேண்டுமன்றோ? ஆகையால் இவற்றை ஒவ்வொன்றாய் வேதாகமத்தின் தராசிலே நிறுத்துப் பார்ப்போம்.

"தன் முயற்சி உள்ளவனுக்கே கடவுள் உதவி" என்பதை வேத வாக்கியம் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் இது கிடைக்காது. பழைய கிரேக்க நீதிக்கதைகளில் இக்கருத்து உண்டு. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்லின் 1736-ல் தமது பஞ்சாங்கத்தில் இதை அச்சிட்டார். சோம்பேறிக்கு இது நல்ல புத்திமதிதான். ஆனால் அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தைப் பாருங்கள். எருசலேமிலே குளத்தங்கரையில் 38 ஆண்டுகளாய் ஒருவன் நோயாய்க் கிடந்தான். தன்னைத் தூக்கித் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை என்று அழுதான். தனக்குத் தானே உதவ முடியாத அந்த மனிதனைத்தான் சேசுநாதர் தேடிப்போய் எழுப்பினார். முயற்சி செய்கிறவர்களுக்கு மாத்திரந்தான் உதவி என்றால், பக்கவாதத்தில் படுத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு யார் உதவி?

அடுத்தது, நூறாய்த் திரும்பும் என்கிற வாக்கு. இது சுவிசேஷத்திலிருந்தே எடுத்ததுதான். ஆனால் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டோம். தம்மைப்பற்றி வீட்டையும் நிலத்தையும் உறவையும் விட்டுவந்தவர்களுக்கு நம் ஆண்டவர் நூறு மடங்கு வாக்களித்தார். அதே மூச்சில், அதனோடுகூடத் துன்புறுத்தலும் வரும் என்றார். அர்ச். மாற்கு இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். மேலும் அவர் வாக்களித்தது நூறு தாய்மாரையும் நூறு சகோதரரையும் அல்லவா? அது எங்கே கிடைக்கும்? ஞானக் குடும்பமாகிய பங்கிலே கிடைக்கவேண்டும். அநாதையாய் நிற்கிறவளுக்கு நாம் தாயும் சகோதரருமாய் நின்றால் அந்த வாக்கு நிறைவேறும். உண்டியலில் நூறு ரூபாய் போட்டுவிட்டுப் பத்தாயிரத்துக்குக் காத்திருப்பவனோ, சர்வேசுரனைத் தன்னிடம் வட்டிக்குக் கடன் வாங்கினவராக்குகிறான். கந்துவட்டியால் குடி கெட்ட குடும்பங்களைக் கண்ட நாம் அந்தக் கணக்கைப் பீடத்தின் முன் கொண்டுபோகலாமா?

மூன்றாவது, தாங்க முடியாத சிலுவையை அவர் தரமாட்டார் என்பது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் சொன்னது சோதனையைப்பற்றி. பாவத்துக்கு இழுக்கும் சோதனை எதுவானாலும், தப்பிக்கொள்ளும் வழியையும் தேவன் திறந்துவைப்பார் என்பதே அதன் பொருள். துன்பத்தைப்பற்றியோ அவரே இரண்டாம் நிருபத்தின் துவக்கத்தில் வேறு விதமாய்ப் பேசுகிறார். ஆசியா நாட்டிலே தமது பலத்துக்கு மிஞ்சின பாரம் தம்மை அழுத்திற்று என்றும், உயிர் பிழைக்கும் நம்பிக்கையே போயிற்று என்றும் வெட்கப்படாமல் எழுதுகிறார். அப்போஸ்தலரே தாங்க முடியவில்லை என்றால், நம் வீட்டுத் தாய் அப்படிச் சொல்லி அழுவது விசுவாசக் குறையாகுமா? மரித்தோரை எழுப்புகிறவரிடத்தில் சாய்ந்துகொள்ளவே அந்தப் பாரம் தமக்குக் கற்பித்தது என்கிறார் அவர். தம்முடைய தோள் வலிமையைப்பற்றி அவர் பேசவேயில்லை.

இனி முதலில் சொன்னதற்கு வருவோம். விசுவாசமுள்ளவனுக்குத் தோல்வியில்லையா? கிறிஸ்துவின் பலத்தால் எதற்கும் தம்மால் கூடும் என்று அர்ச். சின்னப்பர் எழுதினதைப் பந்தய மைதானத்திலும் கடைப் பலகையிலும் எழுதிவைக்கிறார்கள். அவர் அதைச் சிறையிலிருந்து எழுதினார். பசியானாலும் நிறைவானாலும் இரண்டையும் சகிக்கக் கற்றேன் என்று சொல்லி முடித்த இடத்தில்தான் அந்த வசனம் வருகிறது. எபிரேயருக்கு எழுதின நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். விசுவாசத்தினால் அரசுகளை வென்றவர்களும், கல்லெறியுண்டு வாளால் அறுப்புண்டவர்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு விசுவாசம், மாண்டவனுக்கு ஒரு விசுவாசம் என்று அங்கே பிரித்து எழுதவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தாமிரபரணிக் கரை மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வீடு, வயல், வாழைத்தோட்டம் எல்லாம் வெள்ளத்துக்குள்ளாயின. ஜெபமாலை சொல்லும் வீட்டைச் சுற்றிக்கொண்டு அந்தத் தண்ணீர் போகவில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று நம் ஆண்டவர் கேட்டு, இல்லை என்று அவரே மறுமொழியும் சொன்னார். நஷ்டத்தைப் பார்த்து ஒருவனுடைய ஆத்துமத்தை அளக்க நமக்கு உத்தரவில்லை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. திருவிதாங்கூர் அரசரிடம் உத்தியோகத்திலிருந்த நீலகண்டன் என்பவர், ஆடுமாடும் ஆஸ்தியும் நஷ்டப்பட்டு மனமுடைந்திருந்தார். குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்டு, பின் அரசரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். கத்தோலிக்கரான டிலனாய் அவரிடம், எங்கள் வேதத்தில் சேர்ந்தால் மாடு பெருகும் என்று சொல்லவில்லை. யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். எல்லாம் இழந்தும் சர்வேசுரனை விடாதவனுடைய கதை அது. அந்தக் கதையே அவர் மனதைத் தொட்டது. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவர் புத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தேவசகாயம் என்று பெயரிட்டார்.

அந்தப் பெயருக்குத் தேவனுடைய உதவி என்று பொருள். உதவி எப்படி வந்தது? 1749-ல் விலங்கு வந்தது. அடியும் அவமானமுமாய் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உத்தியோகம் போயிற்று, வீடு போயிற்று, உயிரும் போயிற்று. நம் பழமொழிகளின்படி பார்த்தால் அவர் தோற்றவர். 2022 மே 15-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தினார்; இந்தியப் பொதுநிலையினரில் அந்த மகிமை முதன்முதல் அவருக்கே கிடைத்தது. ஆனால் 1752-ல் சாகும்போது அவர் இதைக் காணவில்லை. காணாமலே பற்றிக்கொண்டார். விசுவாசம் என்பது அதுவே.

அப்படியானால் கேட்கக் கூடாதா? நவநாள் வேண்டாமா, நேர்ச்சை வேண்டாமா? கேளுங்கள். அனுதின அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தாம். பரீட்சைக்கும் வேலைக்கும் பிசான மழைக்கும் தாராளமாய்க் கேளுங்கள். பூங்காவனத்தில் அவரும் அந்தப் பாத்திரம் அகலவேண்டும் என்று கேட்டார். ஆனால் பிதாவின் சித்தத்தைத் தம் விருப்பத்துக்கு மேலாக வைத்தார். பாத்திரம் அகலவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்?

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து மௌனமாயிருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருப்பாய் என்றபோதுதான் கெட்டார்கள். கடைசியில் சர்வேசுரன் கோபித்துக்கொண்டதும் அவர்களையே. "இன்னும் கொஞ்சம் உருக்கமாய் ஜெபித்திருந்தால் பிழைத்திருக்கும், அக்கா" என்று துக்க வீட்டில் சொல்கிற நாவு, அந்த நண்பர்களின் நாவுதான். பிள்ளையை இழந்தவளிடமிருந்து அது சர்வேசுரனையும் பறித்துப்போடுகிறது.

ஆகையால் இந்த வாரம் ஒரு பிரதிக்கினை செய்துகொள்வோம். நம் தெருவில் நோயோ, கடனோ, தோல்வியோ உள்ள ஒரு வீட்டுக்குப் போவோம். பழமொழி எதையும் கையிலெடுத்துப் போகவேண்டாம். ஒரு தூக்குச் சோற்றை எடுத்துப் போவோம். பக்கத்தில் உட்காருவோம். அவர்கள் அழுதால் அழவிடுவோம். ஜெபிக்கக் கேட்டால், அவர்களோடு முழங்காலிலிருந்து ஜெபிப்போம்.

அர்ச். தேவசகாயமே, வெற்றியிலும் நஷ்டத்திலும் நாங்கள் ஆண்டவரை விடாதிருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.