அப்பா இல்லாத பையன், மகன் இல்லாத அப்பா

சூசன் கூப்பர் எழுதி 1999-இல் வந்த சிறுவர் நாவல் 'கிங் ஆஃப் ஷேடோஸ்'. நாட் என்ற அமெரிக்கப் பையன், லண்டனில் புதிதாகக் கட்டிய குளோப் அரங்கில் நடிக்க வருகிறான். ஒருநாள் இரவு காய்ச்சலோடு படுக்கிறான், விழித்தால் 1599. பழைய குளோப்பில் மரவாசனைகூடப் போகாத காலம். பெண் வேடத்தையும் பையன்களே கட்டிய மேடை அது. நாட்டுக்குக் கிடைத்ததோ பக் என்னும் குறும்புத் தேவதை வேஷம். எதிரே தேவதை அரசனாக நிற்பவர் சாட்சாத் ஷேக்ஸ்பியர்!

காலப்பயணம் என்றால் எந்திரத்தைத் தேடும் ஆசாமி நான். இதில் அதெல்லாம் கிடையாது. இரண்டு துக்கங்கள்தான் இருக்கின்றன. பையன் அப்பாவைப் பறிகொடுத்தவன். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவன். ஷேக்ஸ்பியரோ 1596-இல் 11 வயது மகன் ஹாம்னட்டை இழந்தவர். இது கதையல்ல, வரலாறு. பாடப்புத்தகத்தில் தாடியும் வழுக்கையுமாக நான் பார்த்த மனிதருக்குள் இப்படி ஒரு தகப்பன் இருந்தான் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

ஒருநாள் பையன் ஷேக்ஸ்பியர் முன்னால் உடைந்து அழுகிறான். பெரியவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பிறகு 14 வரிக் கவிதை ஒன்றைத் தன் கையாலேயே எழுதி அவனிடம் கொடுக்கிறார்.