இரண்டு நிமிஷம்

ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிஷம் கடன்பட்டிருக்கிறார்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது ராஜபாளையத்தில், ஒரு டாக்டரின் வாசல் பெஞ்சியில். மூட்டுவலி என்று சொன்ன அத்தையை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழைத்துப் போயிருந்தேன். எங்கள் டோக்கன் 24. பொழுது போகாமல், உள்ளே போகிறவர்கள் எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுக்க ஆரம்பித்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் இருந்தே தீரும்.

பெரும்பாலோருக்கு இரண்டு நிமிஷம். கைக்குழந்தையோடு போன ஓர் இளந்தாய் மட்டும் பத்து நிமிஷம் கழித்து வந்தாள். பெஞ்சியில் முணுமுணுப்பு எழுந்தது. நானும் முணுமுணுத்தேன்.

என் விளையாட்டை உலக அளவில் செய்தவர்களும் இருக்கிறார்கள். 67 நாடுகளைப் பற்றிய 178 ஆய்வுகளைத் தொகுத்து, 2017-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்கு வெளியிட்டார்கள். ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிஷம். வங்காள தேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிஷம். உலக ஜனத்தொகையில் சுமார் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் 5 நிமிஷமோ அதற்கும் குறைவோதான். தலைக்கு மருத்துவச் செலவு கூடுதலாக உள்ள நாடுகளில், டாக்டர்கள் நிறைய இருக்கும் நாடுகளில், நேரமும் நீளுகிறதாம்.

ஆகவே, டாக்டரைத் திட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலையில் மூன்று மணி நேரம் உட்காருகிறார். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றால் 90 பேரைப் பார்த்துவிடலாம். பத்து நிமிஷம் என்றால் 18 பேர். மீதி 72 பேரை எங்கே அனுப்புவது? அந்த இளந்தாயின் பத்து நிமிஷம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல, எங்களிடமிருந்து எடுத்ததுதான். பெஞ்சியில் இருக்கும்வரை நான் கடிகாரத்தின் கட்சி. உள்ளே நுழைந்ததும் கட்சி மாறிவிடத் தயாராக இருந்தேன்.

பக்கத்திலே சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். துணியை மீட்டர் போட்டு அளந்துவிடலாம். எந்தக் காயத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது காயத்தைப் பார்த்தால்தானே தெரியும்? சளிக்கு இரண்டு நிமிஷமே தாராளம். ஆனால் காயத்தை நோயாளியே மூடி மறைத்துவிட்டால்?

அத்தை இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். வலிக்கு மாத்திரை எழுதியிருந்தது. திரும்பும்போது பஸ் மடவார்வளாகத்தைத் தாண்டியது. வைத்தியநாதர் கோயில் பக்கம் கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டே அத்தை சொன்னாள்: "ஒரு மாசமா ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதய்யா. சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதை ஏன் அங்கே சொல்லலை, அத்தை?"

"அவர் எழுதி முடிச்சிட்டாரே. வெளியே எம்புட்டுப் பேரு காத்துக்கிட்டிருக்காக, பாவம். நம்ம கதையை வேற அளந்துக்கிட்டிருக்கணுமா?"

இந்த மௌனம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அவள் போன்றவர்களுக்கு டாக்டரின் நேரம் தங்களுக்கு உரியது என்ற எண்ணமே இல்லை. யாரோ கொடுத்த கைமாற்று என்று நினைத்து அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். "வேறு ஏதாவது சொல்லணுமா, அம்மா?" என்று அவர் கேட்டிருக்கலாம். அதற்கு மூன்று விநாடி போதும். அதே பெஞ்சியில் உட்கார்ந்து, வாய்விட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்த மருமகனை என்ன செய்வது? அவள் வாயை அடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

மறுநாள் மாலை மறுபடியும் போனோம். அத்தையோடு நானும் உள்ளே போனேன். அவள் சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். முந்தின நாள் எழுதிய மாத்திரையை அடித்துவிட்டு, இருதயத்தைச் சோதிக்க மதுரைக்குக் கடிதம் கொடுத்தார்.

நாங்கள் வெளியே வந்தபோது பெஞ்சியிலிருந்த ஒருவர் என்னை ஒருமுறையும் தம் கைக்கடிகாரத்தை ஒருமுறையும் பார்த்தார்.