செண்பக விதையும் ஸபுரும்

நம் வியாபாரிகள் மத்தியில் 'ஸபுர்' என்ற சொல் அடிபடாத நாளில்லை. கடன் கொடுத்தவர் கடைவாசலில் வந்து நின்றால், "கொஞ்சம் ஸபுர் செய்யுங்கள் நானா" என்கிறோம். சரக்கு அனுப்பியவர் கடிதம் போட்டாலும் அதே பதில்தான். இது பொறுமைதானா, அல்லது தாமதத்துக்கு நாம் வைத்துக்கொண்ட நல்ல பெயரா? செண்பக மரத்தை வைத்து இதை ஆராய்வோம்.

மலாய்க்காரர்கள் செம்பாக்கா என்று சொல்லும் இந்த மரம் மக்னோலியா இனத்தைச் சேர்ந்தது. பியேர் மாக்னோல் என்ற பிரெஞ்சுப் பண்டிதரின் நினைவாக 1703-ல் உண்டான பெயர் அது. விதை போட்டு வளர்த்தால் செண்பகம் பூக்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். இமயமலையில் விளையும் இதன் உறவு மரம் ஒன்று, விதையிலிருந்து வளர்ந்து முதற் பூ விட 25, 30 ஆண்டுகள் கூட ஆவதுண்டு. நம் வயதில் அதை நட்டவர், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் அந்தப் பூவைப் பார்ப்பார்!

இத்தனை ஆண்டுகள் நம்மைக் காக்கவைக்கும் மரத்தின் விதை, தான் காத்திருக்குமா என்றால், காத்திருக்காது. காய் வெடித்ததும் சிவந்த சதை போர்த்திய விதைகள் வெளியே தெரியும். பறவைகள் கொத்துவதற்கு முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். அந்தச் சதை முளைப்பைத் தடுக்கும். ஆகையால் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு கசக்கிக் கழுவ வேண்டும். பிறகு தாமதியாமல் நிழலில் ஈரமண்ணில் ஊன்ற வேண்டும். மேசை அறையில் போட்டு உலரவிட்டால் சில வாரங்களில் உயிர் போய்விடும். ஊன்றிய பின்னரோ முளைக்க வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அப்போது தோண்டித் தோண்டிப் பார்க்கக் கூடாது. நம் கை செய்யவேண்டியது முடிந்த பிறகு வருகிற இந்தக் காத்திருப்புக்குத்தான் ஸபுர் என்ற பெயர் தகும்.

தவணை பேசி எடுத்த கடனை நாம் குறை சொல்லவில்லை. தவணையில்லாமல் வியாபாரம் ஏது? கை நொடித்தவனுக்கு அவகாசம் கொடுப்பதும் கடமையே. ஆனால் தவணை முடிந்து, பெட்டியில் பணமும் இருக்கையில், "ஸபுர் செய்யுங்கள்" என்பது எந்த நியாயம்? காத்திருப்பவர் அவர், காக்கவைப்பவர் நாம். அந்தப் பணத்தை நம்பி அவர் வீட்டில் பிள்ளையின் பள்ளிச் சம்பளம் நிற்கலாம், ஊருக்கு அனுப்பவேண்டிய உண்டியல் நிற்கலாம். மற்றவர் தலையில் ஏற்றிய பொறுமைக்கு நன்மை நம் கணக்கில் வரவாகுமா?

இனி, "ஒட்டுக்கன்று வாங்கி வைத்தால் இரண்டு மூன்று ஆண்டில் பூக்குமே, அது பொறுமையின்மை ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. விரைவு ஒரு குற்றமல்ல. வெள்ளைச் செண்பகமோ பெரும்பாலும் விதையே பிடிப்பதில்லை. மஞ்சள் செண்பகக் கன்றின் மேல் ஒட்டுவைத்துத்தான் வளர்க்கிறார்கள். அந்த மஞ்சள் கன்றுக்கு, காய் வெடித்த நாட்களிலேயே யாரோ ஒருவர் குந்தி உட்கார்ந்து விதை கழுவியிருக்கிறார்.