பக்கத்துக் கதையில் கிடைத்த நீதி

காமிக்ஸ் வாசிக்கிறவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இந்தத் தொடரின் நாயகனும் அந்தத் தொடரின் நாயகனும் ஒரே கதையில் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும்? அதன் பின்னாலேயே அடுத்த கேள்வி வந்துவிடும்: சண்டை மூண்டால் யார் ஜெயிப்பார்கள்? வலிமை, வேகம், ஆயுதம் என்று பட்டியல் நீளும். இதை விடலைப் பருவத்து வீண் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் ஒதுக்கியும் இருக்கிறோம்.

ஆனால் இதே விளையாட்டுக்கு இன்னொரு வடிவம் உண்டு. ஒரு கதையில் அநீதிக்கு ஆளான பெண், அடுத்த கதையின் வாசலுக்குப் போய் நின்றால் என்ன நடக்கும்? அந்த வீட்டில் இருப்பவர்கள் அவளிடம் என்ன கேட்பார்கள்? அவள் சொல்வதை நம்புவார்களா? இதுவும் கிராஸ்ஓவர் பற்றிய ஊகம்தான். இதற்கு விடை தேட வலிமைப் பட்டியல் உதவாது. ஒரு சமூகம் பாதிக்கப்பட்டவளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்று யோசித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1960களில் இருந்து தன் தொடர்கள் எல்லாவற்றையும் ஒரே உலகத்தில் நடப்பவையாக எழுதி வந்தது. ஸ்பைடர்-மேனும் அவெஞ்சர்ஸ் அணியும் ஒரே நியூயார்க்கில் வாழ்ந்தார்கள். ஒரு தொடரில் இடிந்த கட்டடம் அடுத்த தொடரிலும் இடிந்தே கிடக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்த்தார்கள். முரண்பாட்டைக் கண்டுபிடித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். பிற்பாடு, அந்த முரண்பாட்டைப் பொருத்தமாக விளக்கிச் சமாளித்துக் காட்டிய வாசகருக்கு 'நோ-பிரைஸ்' என்ற பெயரில் ஒரு வெற்று உறையைப் பரிசாக அனுப்புவது நிறுவனத்தின் வேடிக்கையான வழக்கமாக இருந்தது. கதைக்கு ஒரு நினைவு இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கறார்.

இடிந்த கட்டடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அந்த உலகம், ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொண்டதா?

இருநூறாவது இதழ்

கேரல் டான்வர்ஸ் 1968இல் ஒரு துணைப் பாத்திரமாக அறிமுகமானாள். 1977இல் 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் அவளுக்கெனத் தனித் தொடர் தொடங்கியது. செல்வி, திருமதி என்ற இரண்டையும் மறுத்து அமெரிக்கப் பெண்ணியர்கள் கையிலெடுத்த அடைமொழி அது. கேரல் அந்தத் தொடரில் 'வுமன்' என்ற பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர். பெண் இயக்கத்தின் காற்று வீசிய காலத்தில் அந்தக் காற்றை விற்க நினைத்த நிறுவனத்தின் படைப்பு என்றாலும், கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய இதழ்களில் அவளுக்கென ஒரு தன்மை உருவானது. 23 இதழ்களோடு, 1979இல், தொடர் நின்றுபோனது. அதன் பிறகு அவள் அவெஞ்சர்ஸ் அணியில் ஓர் உறுப்பினர்.

1980இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' 200ஆவது இதழ் கொண்டாட்ட இதழ். அதில் கேரல் காரணம் தெரியாமல் கர்ப்பமாகிறாள். சில நாட்களிலேயே பிரசவம் நடக்கிறது. பிறந்த குழந்தை மளமளவென்று வளர்ந்து மார்க்கஸ் என்ற இளைஞனாக நிற்கிறான். பிறகு அவனே விளக்குகிறான். காலத்துக்கு வெளியே உள்ள லிம்போ என்ற இடத்துக்கு அவளைக் கடத்திச் சென்றதும், இசையாலும் கவிதையாலும் அவள் மனதைக் கவர முயன்றதும், பிறகு தந்தையின் இயந்திரங்களின் துணையோடு அவளை இணங்க வைத்ததும் அவன்தான். அவள் வயிற்றில் தன்னையே கருவாக்கிப் பூமியில் பிறப்பது அவன் திட்டம். அந்த நினைவுகளை அவளிடமிருந்து அழித்துவிட்டதையும் சொல்கிறான். திட்டம் தோற்றதும் அவன் லிம்போவுக்குத் திரும்புகிறான். கேரலும் அவன்மேல் அன்பு வந்துவிட்டதாகச் சொல்லி உடன் செல்கிறாள். தோழர்கள் அவள் நன்றாக வாழட்டும் என்று வழியனுப்புகிறார்கள். கதை முடிகிறது.

அதே இதழின் முற்பகுதியில், தான் பயன்படுத்தப்பட்டதாகவும் இது தன் குழந்தையே இல்லை என்றும் கேரல் வாய்விட்டுச் சொல்கிறாள். அந்த அணியில் வாஸ்ப், ஸ்கார்லெட் விட்ச் என்று பெண்களும் இருந்தார்கள். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இயந்திரத்தால் வளைக்கப்பட்ட ஒரு மனம் சில பக்கங்கள் கழித்துச் சொன்ன 'விருப்பம்' மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

கேரல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற வாசகி, இதழ் வந்த காலத்திலேயே ஒரு ரசிகர் சிற்றிதழில் கட்டுரை எழுதினார். நிறுவனம் காதல் என்று சொன்னதை அவர் தலைப்பிலேயே வல்லுறவு என்று பெயரிட்டார். ஒரு வாசகி செய்யக்கூடிய முதல் வேலை அது: நடந்ததை அதன் பெயரால் அழைப்பது.

இல்லாதவளுக்கு அநீதி இழைக்க முடியுமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கேரல் டான்வர்ஸ் என்று யாரும் இல்லை. மையும் தாளும்தான் இருக்கின்றன. இல்லாத ஒருத்திக்கு வலிக்காது. வலிக்காதவளுக்கு அநீதியும் இல்லை. பிறகு எதற்கு இந்தக் கோபம்?

அவளுக்கு வலிக்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கதை ஒன்றைச் செய்கிறது. எதைப் பார்த்தால் நாம் அதிர வேண்டும், எதைப் பார்த்தால் புன்னகைக்க வேண்டும் என்று அது வாசிக்கிறவரைப் பழக்குகிறது. மார்க்கஸ் செய்தது ஒரு குற்றம். குற்றங்கள் கதைகளில் வரலாம், வரவேண்டும். அவன் சொன்னதைக் கேட்ட தோழர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் அவளை அவனோடு அனுப்பியது இரண்டாவது தவறு. அதை இனிய முடிவாக எழுதி, வாசகரையும் அந்த வழியனுப்பு கூட்டத்தில் நிற்க வைத்தது மூன்றாவது. நம்மைத் தொடுவது இந்த மூன்றாவதுதான். அவள் கற்பனை, நாம் கற்பனை இல்லை. அவனோடேயே அனுப்பிவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தீர்ப்பு எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் புதிதில்லை.

பக்கத்து வீடு

1981இல் அவெஞ்சர்ஸ் தொடரின் 10ஆவது ஆண்டு மலரைக் கிளேர்மான்ட் எழுதினார். அப்போது அவர் 'எக்ஸ்-மென்' தொடரின் ஆசிரியர். கேரலின் கதையை அவர் அங்கே கொண்டுபோனார். லிம்போவில் மார்க்கஸ் விரைவாக மூப்படைந்து இறந்துவிட, கேரல் தானே வழி கண்டுபிடித்துப் பூமிக்குத் திரும்பியிருக்கிறாள். அவெஞ்சர்ஸ் மாளிகைக்கு அவள் போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்திலிருந்து வீசப்பட்ட அவளைக் காப்பாற்றுவது வேறொரு தொடரின் நாயகி, ஸ்பைடர்-உமன். அவளைத் தேற்றுவது மூன்றாவது தொடரின் வீடு, எக்ஸ்-மென்னின் பேராசிரியர் சேவியர் நடத்தும் பள்ளி. கதையின் முடிவில் அவெஞ்சர்ஸ் அவளைப் பார்க்க வருகிறார்கள். ஏன் எங்களிடம் வரவில்லை என்று வியக்கிறார்கள். அவள் அவர்களுக்குப் பதில் சொல்கிறாள்: நீங்கள் என் நண்பர்களாக இருந்தீர்கள், எனக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவர்களிடம் மறுமொழி இல்லை.

தன் சொந்தக் கதை செவிசாய்க்காதபோது பக்கத்துக் கதை செவிசாய்க்கிறது. தமிழ் வாசகிகளுக்கு இது அந்நியமான உத்தி இல்லை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்தில், கல்லிலிருந்து மீண்ட அகலிகையிடம் வனவாசம் முடித்து வந்த சீதை தன் அக்கினிப் பிரவேசத்தைச் சொல்கிறாள். தனக்கு விமோசனம் தந்தவனே தன் மனைவியிடம் அதைக் கேட்டான் என்று அறிந்த அகலிகை மறுபடி கல்லாகிறாள். காவியத்தில் தனித்தனிக் கிளைக்கதைகளில் நிற்கும் இரண்டு பெண்களைப் பேசவிட்டால் காவியத்தின் தர்மமே ஆட்டம் காணும் என்பதை அந்தக் கதை அறிந்திருந்தது. பெண் பாத்திரங்கள் அவரவர் கதைக்குள் தனித்தனியாக இருக்கும்வரைதான் அந்தத் தர்மங்களுக்குப் பாதுகாப்பு.

டிசி நிறுவனத்தின் உலகத்திலும் இப்படி நடந்தது. 1988இல் வந்த ஆலன் மூரின் 'தி கில்லிங் ஜோக்' நூலில், பேட்கேர்ளாக இருந்த பார்பரா கோர்டனை ஜோக்கர் சுட்டு, ஆடை களைந்து படமெடுக்கிறான். அவள் தந்தையின் மனதைக் குலைக்க அவள் உடல் ஒரு கருவி. கதை தந்தையைப் பற்றியும் பேட்மேனைப் பற்றியும் நகர்கிறது. அவள் மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடுகிறாள். அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் கிம் யேலும் அவர் கணவர் ஜான் ஆஸ்ட்ரண்டரும். 1989இல் தாங்கள் எழுதிய 'சூசைட் ஸ்குவாட்' என்ற வேறொரு தொடரில் அவளை ஆரக்கிள் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி தகவல்களை ஆளும் பெண்ணாக அவள் மறுபடி எழுந்தாள். 1996இல் தொடங்கிய 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே', அவளையும் பிளாக் கேனரியையும் ஒன்றாக்கியது. ஆண் நாயகர்களைத் தூண்டிவிடுவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999இல் பட்டியலிட்டுக் கேள்வி எழுப்பியவர் கெயில் சிமோன். 2003 முதல் அந்தத் தொடரை எழுதியவரும் அவரே. பட்டியல் போட்ட ரசிகை எழுத்தாளரானார்.

அடைக்கலம் யாருடையது?

இதையெல்லாம் வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் நேர்மையாக இருக்காது. கேரலுக்குப் பக்கத்து வீட்டில் கிடைத்த நீதியின் விலை என்ன என்று பார்க்க வேண்டும்.

அவளுக்காகப் பேசிய அதே ஆண்டு மலரில்தான் ரோக் என்ற புதிய பாத்திரம் அறிமுகமாகிறாள். தொட்டவரின் ஆற்றலையும் நினைவையும் உறிஞ்சிவிடும் பெண் அவள். கேரலின் ஆற்றலையும் நினைவுகளையும் பறித்து அவளைப் பாலத்திலிருந்து வீசியவள் இந்த ரோக்தான். சேவியர் பெரும்பாலான நினைவுகளை மீட்டுத் தந்தார். அவற்றோடு ஒட்டியிருந்த உணர்ச்சிகளை மீட்க முடியவில்லை. தன் வாழ்க்கையை யாரோ எழுதிய குறிப்புபோல அவள் வாசிக்க வேண்டியதாயிற்று.

1983இல், எக்ஸ்-மென் 171ஆவது இதழில், ரோக் அதே பள்ளியின் கதவைத் தட்டுகிறாள். பறித்த நினைவுகள் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. தன் ஆற்றலை அடக்கவும் தெரியவில்லை. உதவி கேட்கிறாள். சேவியர் அவளை ஏற்றுக்கொள்கிறார். மாணவர்கள் விலகுவதாக மிரட்டுகிறார்கள். அங்கே வந்த கேரல், ரோக்கைக் கண்டதும் அடித்து வீசுகிறாள். ஆனாலும் சேவியரின் முடிவு மாறவில்லை. வீட்டை விட்டுப் போனவள் கேரல்.

பெண்ணியத்துக்குப் பழக்கமான, தீராத சிக்கல் இது. ரோக்கும் ஓர் இளம்பெண். யாரையும் தொட முடியாதவள், தவறான கைகளில் வளர்ந்தவள். திருந்த வருகிறவளுக்குக் கதவைச் சாத்துவது எந்த அறம்? அதே சமயம், பாதிக்கப்பட்டவள் தங்கியிருந்த வீட்டிலேயே பாதிப்பு செய்தவளுக்கு இடம் கொடுத்தால் அது யாருக்கு அடைக்கலம்?

சேவியரின் இரக்கத்தில் தவறில்லை என்றே நினைக்கிறேன். தவறு அதன் வழிமுறையில் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் அவர் கேரலிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் மறுத்திருந்தால் ரோக்குக்கு வேறு இடம் தேடியிருக்கலாம். அவள் சம்மதித்திருந்தால் அந்த மன்னிப்பு அவளுடையதாக இருந்திருக்கும். பெருந்தன்மையின் உரிமை காயப்பட்டவளிடம் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அவள் சார்பில் அதைச் செலவழிக்க முடியாது. லிம்போவில் அவளிடம் கேட்கவில்லை. வழியனுப்பியவர்கள் கேட்கவில்லை. கடைசியில் அவளை அன்போடு தேற்றிய வீடும் கேட்கவில்லை. முதலாவது வன்முறை, கடைசியானது கருணை. இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் அவளைக் கடந்து எடுக்கப்பட்ட முடிவு என்ற அளவில் அவை ஒரே வரிசையில் வருகின்றன.

ஊகத்தின் உரிமை

இன்னொரு உண்மையையும் மறக்கக் கூடாது. இந்தப் பாத்திரங்கள் நிறுவனங்களின் சொத்து. யார் யாரைச் சந்திப்பது என்பதை விற்பனையும் தீர்மானிக்கிறது. 1984இல் மார்வெல் தன் நாயகர்களை ஒன்றுதிரட்டிய 'சீக்ரெட் வார்ஸ்', மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டது. ஒரு கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள ஐந்து தொடர்களை வாங்கவைப்பது கிராஸ்ஓவரின் வணிகம். ரசிகையின் ஊகத்துக்கு அங்கே சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை.

மதிப்பில்லாததாலேயே அதற்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. எந்தப் பதிப்பாளரும் அனுமதிக்காத சந்திப்பை ஒரு பெண் தன் நோட்டுப் புத்தகத்தில் நடத்திவிடலாம். கமலா கானை நினைத்துப் பாருங்கள். ஜி. வில்லோ வில்சன் எழுத, சனா அமானத் ஆசிரியராக இருந்து உருவாக்கிய பாத்திரம் அவள். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய-அமெரிக்க முஸ்லிம் சிறுமி. ஆற்றல் கிடைப்பதற்கு முன் அவள் செய்துகொண்டிருந்தது அவெஞ்சர்ஸ் பற்றிய ரசிகர் கதைகள் எழுதுவது. கேரல் 2012இல் கேப்டன் மார்வெல் ஆனபோது விட்டுச்சென்ற 'மிஸ் மார்வெல்' என்ற பெயரை எடுத்துக்கொண்டவள் இந்தச் சிறுமி. வழியனுப்பப்பட்டு மறக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஊகித்து எழுதும் ஒரு வாசகியிடம் வந்து சேர்ந்தது. நிறுவனம் வாசகிகளின் பலத்தைக் கணக்குப் போட்டதும் இதில் உண்டு. கணக்குப் போடும் அளவுக்கு வாசகிகள் விடாமல் பேசினார்கள் என்பதும் உண்டு.

கல்லூரியில் இலக்கியம் படிக்கும் தோழிகளுக்கு ஒரு பயிற்சி சொல்லலாம். நீங்கள் பாடமாகப் படிக்கும் கதையிலிருந்து யாரும் எதுவும் கேட்காமல் விட்ட ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அவளை இன்னொரு கதையின் வீட்டுக்கு அனுப்புங்கள். கதவைத் திறப்பது யார், அவர்கள் முதலில் கேட்பது என்ன என்று எழுதிப் பாருங்கள். அவளுக்காக அவசரப்பட்டு மன்னிக்காதீர்கள், பழிவாங்கவும் வேண்டாம். அவளைப் பேச விடுங்கள். அவள் சொல்வதை எழுதி முடித்தபின் மூலக் கதையைத் திரும்ப வாசித்தால், அதில் எத்தனை பேர் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள் என்பது தெரியவரும்.