ஒப்புக்கொள்வதன் விலை

அமெரிக்க அரசின் ரகசியங்களைக் கையாளும் வேலைக்கு வருகிறவர்கள் பல ஆண்டுகளாக நிரப்பிவரும் நெடிய படிவம் ஒன்று உண்டு: எஸ்.எஃப். 86. அதன் 23ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதப் போதைப்பொருள் எதையும் பயன்படுத்தியதுண்டா என்று கேட்கிறது. கல்லூரி நாட்களில் இரண்டொரு முறை கஞ்சா புகைத்தவர் அந்த இடத்தில் திகைத்துப்போகிறார். ஆம் என்றால் வேலை போய்விடுமோ? இல்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

விதிகளைப் படித்தால், கஞ்சாவைவிட அந்தப் பொய்தான் கனமானது. 2017இல் நடைமுறைக்கு வந்த 13 மதிப்பீட்டு நெறிகளில் போதைப்பொருளுக்கு ஒன்று, சொந்த நடத்தைக்கு ஒன்று. பழக்கத்தை விட்டு நாளாகியிருந்தால், பழைய கூட்டாளிகளிடமிருந்து விலகியிருந்தால், முன்னதைக் கடந்துவர வழியுண்டு. தெரிந்தே மறைத்தவருக்கோ வழி குறுகலானது. பிறர் ஆதாரத்தோடு வந்து கேட்பதற்கு முன்பே தானாகத் திருத்தியிருந்தால் அது அவருக்குச் சாதகமாகும். அறிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அந்தப் பகுதியில் உண்மையைச் சொன்னவருக்கு எதிராக அதைக் குற்ற வழக்கில் சான்றாக்க மாட்டோம் என்று படிவமே வாக்களிக்கிறது.

பொய்யைக் கூடுதல் கனமாகப் பார்ப்பது நியாயம்தான். எல்லோருக்கும் தெரிந்த தவற்றைக் காட்டி யாரும் ஒருவரை மிரட்ட முடியாது. மறைத்த தவறு எதிராளியின் கையில் சிக்கிய மூக்கணாங்கயிறு. அதோடு, இத்தகைய பதவியில் இருப்பவர் பல வேளைகளில் தன் செயலுக்குத் தானே ஒரே சாட்சி. ஓர் ஆவணம் தொலைந்ததையும், அந்நிய நாட்டவர் ஒருவர் நெருங்கிப் பழகுவதையும் அவரே வந்து சொன்னால்தான் உண்டு.

ஆனால் உண்மை சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது? 1987இல் உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் ரீகன் முன்மொழிந்த டக்ளஸ் கின்ஸ்பர்க், முன்பு கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டு சில நாட்களில் விலக நேர்ந்தது. 1991இல் அதே நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் கல்லூரிக் காலத்தில் புகைத்தது தெரியவந்தும் அதனால் அவருடைய நியமனம் நிற்கவில்லை. இடையே கழிந்தவை 4 ஆண்டுகள்தான். முதலாமவரைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் வாயைத் திறக்காமலிருப்பதே பிழைக்கும் வழி என்று முடிவெடுத்திருந்தால், அந்தப் பாடத்தை நடத்தியது வாஷிங்டன்தான்.

சட்டமும் குழப்பியது. 2012இல் கொலராடோ, வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் பொழுதுபோக்குக்கான கஞ்சாவை அனுமதித்தார்கள்; கூட்டாட்சிச் சட்டத்தில் தடை நீடித்தது. படிவம் பார்ப்பது பின்னதைத்தான். உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கியவர் 'இல்லை' என்று எழுதினால் அதில் வஞ்சகமும் இருக்கலாம், வெறும் அறியாமையும் இருக்கலாம். கடந்தகாலக் கஞ்சாப் பழக்கம் மட்டுமே தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்று தேசிய உளவுத்துறை இயக்குநர் அறிவுறுத்தியது 2021 டிசம்பரில். அதற்குமுன் உண்மை சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர் வெளியே நிற்க, அவர் விண்ணப்பித்த அதே ஆண்டில் பொய் சொல்லி நுழைந்தவர் உள்ளே மூத்த அதிகாரியாக இருக்கக்கூடும்.

பொய்யை மன்னிக்கச் சொல்ல இது காரணமாகாது. 22 வயதில் மறைத்தவர், 30இல் படிவத்தை மீண்டும் திறக்கும்போது, திருத்திச் சொல்லும் வாசல் இன்னும் திறந்திருக்கிறது. அதில் நுழையும் துணிச்சலை எந்த விதியாலும் கொடுக்க முடியாது. தன்னைப்போலவே புகைத்து, அதைச் சொல்லியும் வேலையில் நீடிக்கும் ஒருவர் பக்கத்து மேசையில் இருந்தால் அது வரலாம்.