மோதலும் நியாயமும்

விளையாட்டிலே அறப் பிரச்சினைகளைத் தேடுவது வீண்வேலை என்று கருதுவோர் நம்மிடையே உளர். பந்து எல்லைக்கோட்டைக் கடந்ததா இல்லையா என்பதற்கப்பால் அங்கு விசாரிக்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே வேரூன்றிய ஸ்டொக் கார்ப் பந்தயத்தையும், அதன் இரசிகர்கள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் வாதங்களையும் சிறிது நோக்கின் அவ்வெண்ணம் நிலைக்காது.

தெருவில் ஓடும் கார்களின் சாயலில் அமைந்த வண்டிகள், நாற்பது வரையில், நீள்வட்டத் தடமொன்றில் நெருங்கி ஓடுவது இப்பந்தயம். சக்கரங்கள் வண்டியின் உடலுக்குள் அடங்கியிருப்பதால் ஒன்றையொன்று உரசினாலும் பெரும்பாலும் பாதகமில்லை. பின்னால் வருபவர் முன்னால் இருப்பவரின் பம்பரை மெல்லத் தட்டினால் வளைவிலே அவரது பிடி தளரும். அந்த இடைவெளியிற் புகுந்து முந்திவிடலாம். இதனை யாவரும் பந்தயத்தின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். சற்றுப் பலமாகத் தட்டினாலோ, முன்வண்டி சுழன்று சுவரில் மோதும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை எது? இரசிகர்களின் சண்டையெல்லாம் இந்த எல்லையைப் பற்றியதே.

டென்னசி மாநிலத்தின் பிறிஸ்ரல் தடத்திலே 1995 ஓகஸ்டில் நடந்த பந்தயத்தின் இறுதிச் சுற்றில், முன்னணியிலிருந்த டெரி லபொன்ரியைப் பின்னாலிருந்து டேல் ஏர்ன்ஹார்ட் முட்டினார். லபொன்ரியின் கார் நிலைகுலைந்து சறுக்கியபடியே முடிவுக்கோட்டைக் கடந்து வென்றது. அன்று எவருக்கும் பெருங்கோபம் எழவில்லை. நொறுங்கிய காருடன் வெற்றிமேடைக்கு வந்தவரைக் கண்டு மகிழ்ந்தனர். நான்கு ஆண்டுகளின் பின், 1999 ஓகஸ்டில், அதே தடம், அதே இருவர், மீண்டும் இறுதிச் சுற்று. இம்முறை லபொன்ரி சுழன்று நின்றார், ஏர்ன்ஹார்ட் வென்றார். அரங்கமே கூச்சலிட்டு அவரை இகழ்ந்தது. அவரைச் சுழற்றும் எண்ணம் தமக்கில்லை, சற்று அதிரவைக்கவே விரும்பினேன் என்றார் வென்றவர். முட்டியவரின் எண்ணம் இரு நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருத்தல் கூடும். மாறியது விளைவு மட்டுமே.

2001 பெப்ரவரி 18ஆந் திகதி டேற்றோனாப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அதே ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி உயிரிழந்தார். அதற்குச் சற்று முன்னர் அவரது காரும் ஸ்ரேர்லிங் மார்லினின் காரும் இலேசாகத் தொட்டுக்கொண்டன. பந்தயத்தில் எத்தனையோ முறை நிகழும் தொடுகை அது. ஆயினும் மார்லினுக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. அவர் மீது பழியில்லை என்று இறந்தவரின் மகனே பகிரங்கமாகச் சொல்ல நேர்ந்தது. பிறரை முட்டியே புகழீட்டிய ஒருவரை நேசித்தவர்கள், முட்டியதாகக் கூட உறுதிசெய்ய முடியாத ஒருவரைக் கொல்லத் துணிந்து பேசினர். நாம் செயலைத் தீர்ப்பிடுகின்றோமா, செய்தவனைத் தீர்ப்பிடுகின்றோமா, அன்றி நமது துயரத்துக்கு ஓர் ஆளைத் தேடுகின்றோமா என்ற கேள்வி இங்கே எழுகின்றது. வகுப்பறையில் பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்துவைத்த ஆசிரியர் எவருக்கும் இது புதிய கேள்வியன்று.

இனிப் பழிவாங்கலுக்கு வருவோம். 2015 ஒக்டோபரில் கன்சாஸ் பந்தயத்தின் இறுதிக்கட்டத்தில் முன்னணியில் இருந்த மற் கென்செத்தை ஜோயி லொகானோ முட்டிச் சுழற்றினார். லொகானோ அடுத்த கட்டத்துக்கு ஏற்கெனவே தகுதிபெற்றிருந்தார். கென்செத்துக்கோ அந்த வெற்றி இன்றியமையாதது. இரண்டு வாரங்களின் பின் மாட்டின்ஸ்வில்லில், ஒன்பது சுற்றுகள் பின்தங்கி, தாம் வெல்லும் வாய்ப்பு அறவே அற்றுப்போன கென்செத், முன்னணியில் வந்த லொகானோவைத் தம் காரோடு சேர்த்துச் சுவருக்குத் தள்ளினார். அரங்கு ஆரவாரித்தது. பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் நிறுவனம் கென்செத்துக்கு இரண்டு பந்தயத் தடை விதித்தது. நீதி செய்தவனைத் தண்டித்தார்கள் என இரசிகரிற் பலர் கொதித்தனர்.

அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தடத்திலே காவலர் இல்லை; இன்று முட்டினால் நாளை முட்டப்படுவாய் என்ற அச்சமே சாரதிகளை அடக்கிவைக்கும் சட்டம் என்கின்றனர். 2010 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிறுவனமே, சாரதிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பழைய கிராமங்களிலும் இத்தகைய நியாயம் இருந்ததே.

எனினும் இச்சட்டம் ஒன்றை மௌனமாக எடுத்துக்கொள்கின்றது: முட்டப்பட்ட எவரும் திருப்பி முட்டவல்லவர் என்பதே அது. அரை நூற்றாண்டுக்கு முந்திய சாரதி ஒருவரைக் கொண்டு அதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

வெண்டல் ஸ்கொற் வேர்ஜீனியாவின் டன்வில் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவர், தொழிலால் மெக்கானிக். 1961 முதல் 1973 வரை இப்பந்தயத்தின் உயர் பிரிவில் ஓடினார். பழைய கார், பிறர் கழித்த டயர், உதவிக்குச் சொந்தப் பிள்ளைகள். வெள்ளையினச் சாரதிகள் சிலர் அவரை வேண்டுமென்றே இடித்துத் தடத்திலிருந்து தள்ளினர். அவர் காரைக் கொண்டு திருப்பி இடித்திருந்தால்? அன்றே பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டிருப்பார் என்பதை அவர் அறிவார். விலக்கப்படாவிடினும் நொறுங்கிய காருக்குப் பதில் வேறு கார் ஏது? கென்செத்துக்கு அடுத்த காரைக் கொடுக்கப் பெருமுதலாளியின் தொழிற்கூடம் இருந்தது. ஸ்கொற்றோ இரவிருந்து தம் கையாலேயே தகரத்தை நிமிர்த்தவேண்டும். ‘திருப்பிக் கொடு’ என்ற நீதி, கொடுக்க வசதியுள்ளவனுக்கே நீதியாகின்றது. மற்றவனுக்கு அது இடிபடும் கடமை மாத்திரமே.

இன்னொன்றையும் நோக்குக. சாரதிகள் ஒருவரையொருவர் முட்டிக்கொள்வதைப் பல காலம் பொறுத்த நிர்வாகம், அவர்கள் ஒன்றுசேர்வதைப் பொறுக்கவில்லை. 1961இல் தொழிற்சங்கம் அமைக்க முயன்ற கேர்ட்டிஸ் ரேணருக்கும் ரிம் புளொக்குக்கும் நாஸ்காரின் தலைவர் பில் பிரான்ஸ் ஆயுட்காலத் தடை விதித்தார். ரேணரின் தடை நீங்க 1965 ஆயிற்று. முட்டியவர் யார் என்று பரம்பரை பரம்பரையாக வாதிடும் இரசிகர்கள் இதுபற்றி அவ்வளவு வாதிடுவதில்லை.

1963 டிசெம்பர் 1ஆந் திகதி, புளோரிடாவின் ஜக்சன்வில்லில், ஸ்கொற் வென்றார். ஆனால் வெற்றிக்கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. இரண்டு சுற்றுகள் பின்னால் வந்த பக் பேக்கரே வென்றவரென அறிவிக்கப்பட்டார். வெள்ளைப் பெண்ணொருத்தி பரிசளித்து முத்தமிடும் மேடையிலே தாம் நிற்பதை விரும்பாமையே காரணம் என்பது ஸ்கொற்றின் துணிபு. அவர் முறையிட்டார், கணக்கு மீண்டும் பார்க்கப்பட்டது. கூட்டம் கலைந்து சென்றபின் அதிகாரிகள் பிழையை ஒப்புக்கொண்டு பரிசுப்பணத்தைக் கொடுத்தனர். வெற்றிக்கிண்ணம் பேக்கருடன் போயிருந்தது. நாஸ்கார் ஒரு கிண்ணத்தைச் செய்து அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தது 2021 ஓகஸ்டில். ஸ்கொற் 1990ஆம் ஆண்டே இறந்துவிட்டார்.